ஆளுநர் கொல்லப்பட்ட செய்தி தலைநகருக்கு எத்தனை நாளில் போகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் (ஒருவர் கதையுலகை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக நடிக்கும் ஆட்டம்), ஆட்டக்காரர்களின் குழு ஓர் எல்லை நகரத்தின் ஆளுநரைக் கொன்றுவிட்டு, அரசரை நேரில் கண்டு தங்கள் தரப்பைச் சொல்வதற்காகக் குதிரைகளில் தலைநகரை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது. தொலைவு 600 கிலோமீட்டர்; இடையில் ஒரு பெரிய ஆறும் ஒரு மலைக்கணவாயும் இருக்கின்றன; மந்திரம் உண்டு, ஆனால் அரிது. இப்படிப்பட்ட உலகத்தில் ஒரு செய்தி நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் எதற்காகத் தேவை என்பது உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது: குழு தலைநகர் வாயிலை அடையும்போது அங்குள்ள காவலர்களுக்கு விஷயம் தெரிந்திருக்குமா, தெரிந்திருந்தால் அது நியாயம்தான் என்று ஆட்டக்காரர்கள் ஏற்பார்களா? ஆகவே வேகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், யார் முந்துவார்கள் என்பதை முடிவுசெய்யும் முறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வரலாறு படித்தவன்; பழங்காலச் சாலைகளும் அஞ்சல் ஏற்பாடுகளும் என் முதுகலை ஆய்வின் பொருளாக இருந்தன. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய ஆட்டங்களை நடத்திவருகிறேன். இரண்டிலிருந்தும் எனக்குக் கிடைத்த விடை ஒன்றே. உங்கள் 600 கிலோமீட்டரை ஒரு செய்தி இரண்டே நாளிலும் கடக்கலாம், பன்னிரண்டு நாளிலும் கடக்கலாம். இரண்டுக்கும் வரலாற்றில் சான்று உண்டு. எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது குதிரையின் கால்களைவிட, அந்தச் சாலையில் ஓய்வெடுத்த கால்களைக் காத்திருக்க வைப்பதற்கு யார் செலவு செய்திருக்கிறார்கள் என்பதே.

குதிரையைப் பற்றிக் கதைகள் நமக்குள் ஏற்படுத்திய எண்ணத்தை முதலில் களைய வேண்டும். கதைகளில் தூதன் ஒரே குதிரையை நாலுகால் பாய்ச்சலில் இரவும் பகலும் விரட்டுகிறான். உண்மையான குதிரை அந்தப் பாய்ச்சலில் சில கிலோமீட்டர் ஓடியதும் களைத்துவிடும். அதன் சாதாரண நடை மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர்தான். ஒரே குதிரையில் நாள் தவறாமல் பயணம் செய்பவர் நாளொன்றுக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வரை போகலாம். வழியில் தானியம் கிடைக்காமல் புல்லை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் குறையும். இன்றைய நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் ஒரே நாளில் 160 கிலோமீட்டரைக் கடக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இடையிடையே கால்நடை மருத்துவர் சோதித்துத் தகுதி சொன்ன பின்பே குதிரையைத் தொடர விடுகிறார்கள், மறுநாளும் அதே தூரம் ஓடச் சொல்வதில்லை. உங்கள் ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் குதிரைகளில் போகிறார்கள் என்றால் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாள் ஆகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகள் இயல்பான பயண வேகமாக நாளொன்றுக்கு 24 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர், என்று கொடுக்கின்றன. அதை அப்படியே எடுத்தால் பதினைந்து அல்லது பதினாறு நாள்.

மனிதன் இந்தக் கணக்கில் நாம் நினைப்பதைவிட வலியவன். கிமு 490-இல் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பப்பட்ட ஓட்டக்காரர் மறுநாளே போய்ச் சேர்ந்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அது ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் இன்று அதே இரு நகரங்களுக்கிடையே ஆண்டுதோறும் 246 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. 36 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, பலர் முடிக்கிறார்கள். அந்த ஓட்டக்காரர் உண்மையிலேயே அன்று ஓடினாரா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஒரு மனித உடலால் அது முடியும் என்பது உறுதி. கரடுமுரடான மலைப்பாதை இருக்கும் உங்கள் உலகில், கணவாயைக் கடக்க ஓட்டக்காரரைப் பயன்படுத்தும் ஏற்பாட்டை நான் தயங்காமல் வைப்பேன்.

ஒரு குதிரையோ ஒரு மனிதனோ முழுத் தூரத்தையும் கடக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் தோன்றிய இடத்தில்தான் வேகம் பிறக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் ஆட்சியைக் கண்டு எழுதிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, சிந்துவிலிருந்து டெல்லிக்குப் பயணிகளுக்கு ஐம்பது நாள் ஆகும் என்றும், அஞ்சல் ஐந்து நாளில் சேர்ந்துவிடும் என்றும் பதிவுசெய்திருக்கிறார். பத்தில் ஒரு பங்கு. இன்னும் வியப்பானது, அங்கு குதிரை அஞ்சலும் ஆட்கள் ஓடிக் கொண்டுபோகும் அஞ்சலும் இரண்டும் இருந்தன, அவற்றில் ஆட்கள் ஓடும் அஞ்சலே வேகமானது என்று அவர் சொல்வது. மைலுக்கு மூன்று நிலையங்கள் வீதம் ஆட்கள் காத்திருந்தார்கள். ஓடிவருபவர் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். அந்த ஓசை கேட்டதும் அடுத்தவர் எழுந்து தயாராகிவிடுவார். குதிரையே இல்லாத இன்கா பேரரசிலும் தொடர் ஓட்டக்காரர்கள் நாளொன்றுக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வரை செய்தி கொண்டுபோனார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. ஆகவே உங்கள் உலகில் குதிரை வளர்க்காத இனம் ஏதேனும் இருந்தால் அதன் செய்தி மெதுவாகத்தான் போகும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

குதிரைத் தொடர் அஞ்சலுக்கு நான் முழுமையாக நம்பும் எண்கள் அண்மைக் காலத்தவை, ஏனெனில் அவற்றுக்கு நாளும் நேரமும் குறித்த பதிவுகள் உள்ளன. அமெரிக்காவில் 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை இயங்கிய போனி எக்ஸ்பிரஸ், மிசௌரியின் செயின்ட் ஜோசஃபிலிருந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ வரையிலான சுமார் 3,100 கிலோமீட்டரை வழக்கமாகப் பத்து நாளில் கடந்தது. 1861 மார்ச்சில் லிங்கனின் பதவியேற்பு உரையை 7 நாள் 17 மணி நேரத்தில் கொண்டுசேர்த்தது அதன் சிறந்த ஓட்டங்களில் ஒன்று. வழக்கமான ஓட்டம் நாளுக்கு 300 கிலோமீட்டர், உச்சம் 400. முந்தைய காலத்துக்குப் போகப்போக எண்கள் மங்குகின்றன. பாரசீக அரசச் சாலையில் சார்டிஸிலிருந்து சூசா வரை நடந்தால் 90 நாள் என்று ஹெரோடோட்டஸ் தெளிவாகச் சொல்கிறார். அரசத் தூதர்கள் எத்தனை நாளில் போனார்கள் என்று அவர் சொல்லவில்லை, ஆகவே ‘ஏழு நாள்’, ‘ஒன்பது நாள்’ என்று காணப்படுபவை பிற்கால மதிப்பீடுகள். மங்கோலியத் தூதர்கள் நாளுக்கு 200 மைலுக்கு மேல் போனார்கள் என்ற மார்க்கோ போலோவின் கூற்றை ஒரு பயணியின் வியப்புக் கலந்த சொல்லாக எடுத்துக்கொள்கிறேன். நடக்க முடியாததல்ல, நாள்தோறும் நடந்ததும் அல்ல. ரோம் நிதானமான சான்று தருகிறது. அங்கே அரசு அஞ்சலின் இயல்பு வேகம் நாளுக்கு 75 கிலோமீட்டர் அளவில்தான் இருந்திருக்கும் என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. ஆனால் கிபி 69 சனவரி 1 அன்று ரைன் நதிக்கரைப் படைகள் கலகம் செய்த செய்தி அம்மாதம் 10-ஆம் நாளுக்குள் ரோமில் பேரரசரின் காதுக்கு எட்டிவிட்டது. ஒரே அமைப்பில் இயல்பு வேகமும் அவசர வேகமும் இரண்டு மடங்கு வேறுபடும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி செலவுக்கு வருவோம். ஆட்டத்தை நடத்துபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். உங்கள் 600 கிலோமீட்டர் சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்றால் 24 நிலையங்கள். நிலையத்துக்கு ஆறு குதிரை என்றால் 144 குதிரைகள். ஒரு குதிரை நாளுக்கு ஏறத்தாழ 10 கிலோ தீனி தின்னும். ஆக, செய்தி ஏதும் போகாத நாளிலும் அந்தச் சாலை 1,400 கிலோவுக்கு மேல் தீனியை விழுங்குகிறது. இதற்கு மேல் குதிரைக்காரர்கள், லாடம் அடிப்பவர்கள், கொள்ளையரிடமிருந்து காக்கும் காவலர்கள். எந்த அரசும் இதை எல்லாச் சாலைகளிலும் செய்யாது. தான் அஞ்சும் திசையிலும், தனக்குப் பணம் வரும் திசையிலும் மட்டுமே செய்யும். இதன் விளைவு ஆட்டத்துக்கு மிகவும் பயனுள்ளது: எல்லை நகரத்திலிருந்து 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகருக்குச் செய்தி மூன்று நாளில் போய்விடலாம், அதே எல்லை நகரத்திலிருந்து 80 கிலோமீட்டர் பக்கவாட்டில் இருக்கும் சந்தை ஊருக்கு ஒரு வாரம் கழித்துப் போகலாம். வரைபடத்தில் கவராயத்தை வைத்து வட்டம் வரைந்தால் இது தெரியாது. உங்கள் நாடு அந்த எல்லையைக் கண்டு அஞ்சுகிறதா என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அஞ்சுகிறது என்றால் நிலையங்கள் இருக்கும்.

அந்த நிலையங்களில் எவரும் போய்க் குதிரை கேட்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மங்கோலியர்கள் தூதர்களுக்கு உலோகப் பட்டயம் கொடுத்தார்கள். ரோமில் பேரரசரின் பெயரால் வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். உங்கள் குழு கொல்லப்பட்ட ஆளுநரின் மேசையிலிருந்து அத்தகைய பட்டயத்தை எடுத்திருந்தால், அவர்களும் செய்தி போகும் வேகத்திலேயே போகலாம், அவர்களுடைய உடல் தாங்கும்வரை. 1603-இல் முதலாம் எலிசபெத் இறந்த செய்தியை லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கொண்டுபோன ராபர்ட் கேரி, வழிநெடுகக் குதிரைகளை மாற்றிக்கொண்டு சுமார் 640 கிலோமீட்டரை மூன்று நாளுக்குள் கடந்தார். வழியில் கீழே விழுந்து, குதிரையின் உதை தலையில் பட்டு, இரத்தம் இழந்து வேகம் குறைந்த நிலையிலும் அவர் போய்ச் சேர்ந்தபோது ஸ்காட்லாந்து அரசர் அப்போதுதான் படுக்கைக்குப் போயிருந்தார். உங்கள் தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் உதாரணத்தை நான் அறியேன்.

தூரத்தை வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் நாள்கணக்கை அப்படியே பயன்படுத்துவதை நான் நெடுநாள் முன்பே நிறுத்திவிட்டேன். காரணம், வெனிஸின் மரினோ சனுடோ 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல்லாண்டு எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து திரட்டப்பட்ட ஒரு கணக்கு. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) வெனிஸுக்குச் செய்தி வர வழக்கமாக 34 நாள் ஆனது. மிக விரைவாக வந்தது 15 நாளில், மிகத் தாமதமாக வந்தது 81 நாளில். அதே இரு நகரங்கள், ஏறத்தாழ அதே வழிகள். விரைவானது வழக்கத்தில் பாதிக்கும் குறைவு, தாமதமானது இரு மடங்குக்கும் மேல். கடற்காற்று, கொள்ளை நோய்க்கான தடைக்காவல், போர், பனி என்று பல காரணங்கள் சேர்ந்தே இந்த விரிவு. நல்ல நிலச்சாலையில் விரிவு குறையும். 1505-இல் டாக்ஸிஸ் அஞ்சல் குடும்பம் ஏற்ற ஒப்பந்தம் பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள் என்று வரையறுத்தது. பருவத்தால் ஒரு நாள்தான் வேறுபாடு. உங்கள் ஆறு பாலமுள்ளதா, படகில் கடப்பதா என்பதும், கணவாய் பனியில் மூடுமா என்பதும் குதிரையின் தரத்தைவிட அதிகமாகக் கணக்கை மாற்றும். வெள்ளத்தில் படகுத்துறை மூன்று நாள் மூடினால் அரசத் தூதனும் ஆட்டக்காரர்களும் ஒரே கரையில், ஒரே சத்திரத்தில் காத்திருப்பார்கள்.

இந்த விரிவை மேசையில் கொண்டுவர நான் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுகிறேன். இது வரலாற்றிலிருந்து நேரடியாக வந்த விதியல்ல, என் சொந்த ஏற்பாடு. கூட்டுத்தொகை 2 வந்தால் இயல்பான நாள்களில் பாதி. 3 முதல் 9 வரை இயல்பான கணக்கே. 10 அல்லது 11 வந்தால் ஒன்றரை மடங்கு. 12 வந்தால் இரண்டு மடங்கு, அத்துடன் என்ன நடந்தது என்பதற்கு ஒரு காரணத்தையும் எழுதிக்கொள்வேன். செய்தி புறப்படும் அன்றே, ஆட்டக்காரர்கள் பார்க்காமல் உருட்டி, ‘தலைநகருக்கு இந்தத் தேதியில் தெரியும்’ என்று நாட்காட்டியில் குறித்துவிடுவது முக்கியம். பின்னால் கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று அந்தத் தேதியை நான் மாற்றுவதில்லை. ஒருமுறை மாற்றினேன், என் குழுவில் ஒருவர் ஒவ்வொரு நாளையும் தன் குறிப்பேட்டில் எழுதிவந்திருந்தார், கணக்கு இடிப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தாங்கள் பணம் கொடுத்து இரவுப்பயணம் செய்ததற்குப் பொருளே இல்லாமல் போயிற்று என்று அவர்கள் வருந்தியது சரியான வருத்தம்.

பயண நேரத்தின் இரு முனைகளிலும் மறைந்திருக்கும் தாமதங்களையும் சேர்க்க வேண்டும். ஆளுநர் இறந்ததை யார், எப்போது கண்டார்கள்? அடுத்த அதிகாரி யார், அவருக்கு முத்திரை வைக்கும் உரிமை உண்டா, தன்மீது பழி வருமோ என்று அஞ்சி அரைநாள் தயங்குவாரா? அந்த நகரத்தில் முத்திரை ஆளுநரின் விரல் மோதிரத்தில் இருந்து, அதை உங்கள் குழு எடுத்துக்கொண்டு போயிருந்தால், முத்திரையில்லாத ஓலையை முதல் நிலையத்துக்காரர் ஏற்க மறுக்கக்கூடும். மறுமுனையில், இரவில் நகரவாயில் மூடியிருக்கும். செயலர் படித்து அமைச்சரிடம் சேர்ப்பார். அமைச்சர் அரசரை எழுப்பலாமா என்று யோசிப்பார். என் அனுபவத்தில் இரு முனைகளுக்கும் சேர்த்து ஒரு நாள் என்பது மிதமான கணக்கு. குழப்பமான நகரமென்றால் இரண்டு.

புறாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உறுதியானவை இவை: அஞ்சல் புறா தன் கூட்டுக்கு மட்டுமே திரும்பும், சொன்ன இடத்துக்குப் போகாது, பழகிய பறவை மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும், இரவிலும் மூடுபனியிலும் அதை நம்ப முடியாது, பருந்தும் வல்லூறும் அதைப் பிடிக்கும். ஆகவே எல்லை நகரத்தில் தலைநகரின் புறாக்கள் இருக்க வேண்டுமென்றால் அவை முன்கூட்டியே வண்டியில் 600 கிலோமீட்டர் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். கூண்டில் எத்தனை பறவையோ அத்தனை தடவைதான் செய்தி அனுப்பலாம். நெடுநாள் வைத்திருந்தால் சில பறவைகள் புதிய இடத்திலேயே தங்கிவிடும். 1870–71-இல் முற்றுகையிடப்பட்ட பாரிஸுக்குத் திரும்பும்படி 300-க்கும் சற்று அதிகமான புறாக்கள் வெளியிலிருந்து பறக்கவிடப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 60-க்கும் குறைவு. குளிர்காலமும் போரும் சேர்ந்த மோசமான நிலை அது. நல்ல பருவத்தில் 600 கிலோமீட்டரை ஒரே நீண்ட பகலில் கடக்கும் பறவைகள் உண்டென்றாலும், மலைத்தொடரைத் தாண்ட வேண்டிய உங்கள் வழியில் பாதித் தூரத்தில் ஒரு கூடு வைத்து இரண்டு கட்டமாக அனுப்புவதே நம்பத்தக்கது. தெளிந்த வானத்தில் ஒரு பறவை போய்ச் சேரும் வாய்ப்பை ஆறில் நான்காகவும், மழையில் ஆறில் இரண்டாகவும் நான் வைக்கிறேன். இதுவும் என் ஊகமே. அனுபவமுள்ள புறாக்காரர் ஒரே செய்தியோடு இரண்டு மூன்று பறவைகளை விடுவார். கொலை நடந்த இரவில் உங்கள் குழு புறாக்கூண்டைத் திறந்துவிட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

மலையுச்சித் தீ இவை எல்லாவற்றையும்விட வேகமானது, அதே நேரம் மிக ஊமையானது. 9-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசு, கிழக்கு எல்லையிலிருந்த லூலோன் கோட்டை முதல் கான்ஸ்டான்டிநோபிள் வரை, 700 கிலோமீட்டருக்கு மேல், தீச்சுடர் நிலையங்களை வைத்திருந்தது. எச்சரிக்கை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடும். தீ எரிகிறது, எரியவில்லை என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாத குறையைத் தீர்க்க, இரு முனைகளிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரங்களை வைத்து, எந்த மணியில் தீ மூட்டப்படுகிறதோ அதற்கேற்ற பொருள் என்று பன்னிரண்டு செய்திகளை முன்பே வகுத்திருந்தார்களாம். கவனியுங்கள், படையெடுப்பு அந்தப் பன்னிரண்டில் இருக்கும். ‘ஐந்து அந்நியர்கள் ஆளுநரைக் கொன்றார்கள்’ என்பது இருக்காது. உங்கள் எல்லை நகரத்தில் பதறிப்போன காவலர் தலைவர் படையெடுப்புக்கான தீயை மூட்டிவிட்டால், தலைநகருக்குத் தவறான செய்தி அன்றிரவே போய்விடும், சரியான செய்தி நான்கு நாள் கழித்து வரும். அந்த நான்கு நாள் உங்கள் ஆட்டத்தின் மிகச்சிறந்த பகுதியாக அமையக்கூடும்.

மந்திரத்துக்கு வரலாறு இல்லை. இங்கே விதிநூலும் தருக்கமும்தான் துணை. மேற்சொன்ன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் தொலைவிலுள்ளவருக்குச் சொல் அனுப்பும் மந்திரம் 25 சொற்களை உடனே சேர்க்கும், பெறுபவர் உடனே பதில் சொல்லலாம். விலங்கைத் தூதனுப்பும் மந்திரத்தில் பறக்கும் விலங்கு 24 மணி நேரத்துக்கு 50 மைல் போகும். இரண்டாவது உங்கள் தூரத்துக்குப் பயன்படாது. முதலாவது எல்லாக் கணக்கையும் அழித்துவிடும், ஆகவே அதை அறிந்தவர் எல்லை நகரத்தில் இருக்கிறாரா என்பதை நீங்கள் முன்பே முடிவுசெய்ய வேண்டும். கொலை நடந்த பிறகு திடீரென ஒரு மந்திரவாதியைத் தோன்றச் செய்வது நியாயமல்ல. மந்திரம் அரிது என்றால் அத்தகையவர் மூன்று நான்கு பெருநகரங்களில் மட்டும் இருப்பார். அப்போது குதிரைத் தூதன் தலைநகர் வரை போக வேண்டியதில்லை, அருகிலுள்ள பெருநகரம் வரை போனால் போதும். 25 சொல் என்ற எல்லையைத் தமிழில் ஆடுபவர்கள் எப்படி எண்ணுவது என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: ‘வந்துகொண்டிருக்கிறார்களாம்’ என்பது ஒரே சொல், அதற்குள் ஒரு வாக்கியமே அடங்கியிருக்கிறது. நான் தமிழில் நடத்தும்போது 15 சொற்கள்தான் தருகிறேன். கழுகுச் சிங்கம், பறக்கும் நாகம் (டிராகன்) போன்ற ஏறிப் பறக்கும் விலங்குகளுக்கு, சுமையோடு பறப்பதால் விரைவில் களைக்கும் என்று கொண்டு, நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

அரசச் செய்தியைத் தவிர ஊர்ப்பேச்சு என்று ஒன்று இருக்கிறது. அது வணிகர்களோடும் மாட்டு வண்டிகளோடும் நாளுக்கு 25, 30 கிலோமீட்டர் போகும், ஒவ்வொரு சந்தையிலும் சற்று உருமாறும். நம் மொழியே இதற்கு ஓர் ஒட்டு வைத்திருக்கிறது: கண்டவர் ‘ஆளுநர் இறந்துவிட்டார்’ என்பார், கேட்டவர் ‘இறந்துவிட்டாராம்’ என்பார். ஆட்டத்தில் ஊரார் பேசும்போது இந்த ‘ஆம்’ என்ற ஒட்டை நான் கவனமாகப் பயன்படுத்துகிறேன். இரண்டு மூன்று அமர்வுகளுக்குள் ஆட்டக்காரர்கள் அதைக் கவனித்து, ‘நேரில் பார்த்தவர் யார்?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் குழு இந்த ஊர்ப்பேச்சைவிட வேகமாகப் போகிறது. ஆகவே வழியிலுள்ள சிற்றூர்களில் அவர்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, அஞ்சல் நிலையங்களில் மட்டும் தெரிந்திருக்கும்.

செய்தியைக் கொண்டுவருபவரும் ஒரு மனிதர் என்பதை மறக்க வேண்டாம். ரோமில் பேரரசர் அகஸ்டஸ் முதலில் சாலையில் இளைஞர்களை இடைவெளிவிட்டு நிறுத்திக் கைமாற்றும் முறையை வைத்தார். பின்னர் ஒரே ஆளே வண்டி மாற்றி மாற்றி முழுத் தூரமும் வரும்படி செய்தார். நேரில் கண்டு வந்தவரிடம் கடிதத்தில் இல்லாததையும் கேட்டறியலாம் என்பதே காரணம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூடோனியஸ் சொல்கிறார். வேகத்துக்கும் விளக்கத்துக்கும் இடையே ஓர் அரசு செய்யும் தேர்வு இது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால்தான் தெளிய வேண்டும் என்கிறது. அப்படி எண்ணும் அமைச்சர் உங்கள் தலைநகரில் இருந்தால், முதல் செய்தி வந்ததும் கைது ஆணை பிறக்காது, இரண்டாவது செய்திக்குக் காத்திருப்பார்.

இவற்றையெல்லாம் உங்கள் நிலைமைக்குப் பொருத்தினால் என் கணக்கு இது. எல்லைக்குச் செல்லும் சாலை என்பதால் நிலையங்கள் உண்டு, ஆனால் மங்கோலியப் பேரரசைப் போன்ற செல்வம் உங்கள் நாட்டுக்கு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். பகலில் மட்டும் ஓடும் தொடர் அஞ்சல் நாளுக்கு 150 கிலோமீட்டர், நான்கு நாள். ஆற்றுக்கும் கணவாய்க்கும் ஒரு நாள், இரு முனைத் தாமதங்களுக்கு ஒரு நாள். ஆக ஆறாம் நாள் மாலை அரசருக்குத் தெரியும். பகடையில் 10 அல்லது 11 விழுந்தால் ஒன்பதாம் நாள், 12 விழுந்தால் பன்னிரண்டாம் நாள். சொந்தக் குதிரையில் வரும் குழுவும் பன்னிரண்டாம் நாளில்தான் வாயிலை அடைகிறது. எனவே பெரும்பாலும் அவர்கள் பிந்திவிடுவார்கள். அவர்கள் முந்த வேண்டுமென்றால் முதல் இரண்டு நாளுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்: முதல் நிலையத்தில் தூதனை மறிக்கலாம், படகின் கயிற்றை அறுத்துவிடலாம், பட்டயத்தைக் காட்டிக் குதிரை மாற்றலாம்.

இன்னொன்று மட்டும். தலைநகர் அறிந்ததும் ஆணை எதிர்த்திசையில் புறப்படும். ஆறாம் நாள் மாலை அரசருக்குத் தெரிந்து, ஏழாம் நாள் காலை தேடுதல் ஆணை அதே சாலையில் நாளுக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எல்லையை நோக்கிக் கிளம்புகிறது என்றால், அந்நேரம் உங்கள் குழு எல்லையிலிருந்து 300 கிலோமீட்டரில் இருக்கும். இடையிலிருக்கும் 300 கிலோமீட்டரை இருபுறமும் சேர்ந்து நாளுக்கு 200 வீதம் விழுங்குகின்றன. எட்டாம் நாள் நண்பகலில், எல்லையிலிருந்து 375-ஆவது கிலோமீட்டருக்கு அருகே, ஆணையைச் சுமந்த தூதனும் அவர்களும் ஒருவரையொருவர் கடந்துபோவார்கள். அந்த இடம் வரைபடத்தில் எங்கே வருகிறது, கணவாயிலா, படகுத்துறையிலா, சத்திரத்திலா என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்; தூதன் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிற்கும் சில நிமிடங்களில், அவன் பையில் தங்கள் பெயர் இருப்பதை அவர்கள் உணர ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும்.